கை நனைத்த வீடு

அத்தியாயம் 17

எட்டு நாளாகப் பையில் சுமந்துகொண்டிருந்த ரகசியத்தை இன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடலாம் என்றுதான் ஷர்லி நினைத்திருந்தாள். ஏழு மணிக்கே போன் அடித்துவிட்டது.

அந்த ரகசியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அறந்தாங்கியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மலையாண்டி, மகள் காவ்யாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துத் தரும்படி ஷர்லியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தார். மாப்பிள்ளை வெற்றிசெல்வன், கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், கை நிறையச் சம்பளம் என்றார்கள். அவன் மஸ்கட்டில் இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். மாசி மாதமே நாடு திரும்பியவன் காரைக்குடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஷர்லி தன் இரண்டு கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள்.

போனை எடுத்ததும் மலையாண்டியின் குரல் காதைக் கிழித்தது.

"ஏம்மா ஷர்லி! நான் ஒன்னைய விசாரிக்கச் சொன்னேனா, இல்ல சம்பந்தத்தையே முடிச்சு வைக்கச் சொன்னேனா?"

"அண்ணே, பதறாமச் சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"மாப்பிள்ளையோட அம்மா இப்பத்தான் போன் பண்ணுச்சு. 'அண்ணே, உங்க மச்சினன் சனிக்கிழமை வந்தாரு, வயிறாரச் சாப்பிட்டாரு. அவரே கை நனைச்சுட்டாரு, இனி என்ன யோசனை? இன்னைக்குப் புதன்கிழமை, நாளு நல்லாருக்கு. நாலு மணிக்குப் பூ வைக்க வாரோம், பதினோரு பேரு'ங்குது. எனக்கு எங்கம்மா இருக்கான் மச்சினன்? எம்பொஞ்சாதி ஒத்தப் பொண்ணு! கூடப் பொறந்தவன்னு ஒருத்தன் கெடையவே கெடையாது!"

ஷர்லிக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் அவள் கணவன் ஜஸ்டின் காலையிலிருந்து இரண்டாவது தடவையாக பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"பத்து மணிக்குக் கடைக்கு வாரேண்ணே. நேர்ல பேசிக்குவோம்."

"பத்தெல்லாம் ஆகாது. ஒம்போதுக்கு வா."

ஜஸ்டின் கத்தாரிலிருந்து வந்து எட்டு மாதமாகிறது. ஆறு வருஷம் அங்கே மணி பார்த்து எழுந்து மணி பார்த்துப் படுத்தவனுக்கு, இங்கே ஒரு நாளை எந்தப் பக்கம் பிடித்து நகர்த்துவது என்று தெரியவில்லை. அலுவலகத்துக்கு வருவான், நாற்காலியை இடம் மாற்றுவான், போர்டைத் துடைப்பான், திரும்ப வீட்டுக்குப் போவான். பாவமாக இருக்கிறதே என்று போன சனிக்கிழமைதான் ஷர்லி முதல் தடவையாக அவனைத் தனியே ஒரு வேலைக்கு அனுப்பினாள். மாப்பிள்ளை ஊரில் டீக்கடை, ரேஷன் கடை இரண்டு இடத்தில் குடும்பத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். அவ்வளவுதான் வேலை.

"ஏங்க," என்றாள் வாசலுக்கு வந்து. "சனிக்கிழமை கந்தர்வக்கோட்டையில என்ன சாப்பிட்டீங்க?"

ஜஸ்டின் கையிலிருந்த குழாயில் தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடியது.

"டீ."

"அப்புறம்?"

"வடை."

"அப்புறம்?"

"சோறு," என்றான், பைக்கின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே.

"எங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து அவன் அம்மா அடைக்கலமேரி வெளியே வந்துவிட்டாள். கட்டுமாவடியில் முப்பது வருஷம் மீன் ஏலம் கேட்ட காது அது. வீட்டில் யார் எந்த மூலையில் முனகினாலும் விழும்.

"எந்த வீட்டுலடா சோறு தின்ன?"

"மாப்பிள்ளை வீட்டுலம்மா."

"அடப்பாவி! பொண்ணு வீட்டு ஆளா போயி மாப்பிள்ளை வீட்டுல கை நனைச்சியா? பேச்சு முடியுற வரைக்கும் பச்சைத் தண்ணிக்கு மேல எதையும் தொடக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாது? எலையில கை வச்சா சம்மதம்னுல்ல அர்த்தம்! ஒங்கப்பா என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, அந்த வெயில்ல மோரைக்கூட வேணாம்னுட்டாரு."

"நான் பொண்ணு வீட்டு ஆளுன்னு சொல்லலம்மா."

"பின்ன யாருன்னு சொன்னீங்க?" என்றாள் ஷர்லி.

"நான் ஒண்ணுமே சொல்லல. டீக்கடையில நான் விசாரிச்சது யாரு மூலமாவோ அந்தம்மா காதுக்குப் போயிருச்சு. ஆள் விட்டு வீட்டுக்குக் கூப்பிட்டுச்சு. 'பொண்ணுக்கு மாமன் முறையா தம்பி?'ன்னு கேட்டுச்சு."

"நீங்க?"

"சிரிச்சேன்."

ஷர்லிக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினாள்.

"இல்லைன்னு சொல்லாமச் சிரிச்சா, ஆமான்னுதாங்க அர்த்தம்."

இந்தத் தொழிலைத் தொடங்கும்போது அவள் வக்கீல் ஆனந்தராஜிடம் மூன்று நாள் நடந்தாள். துப்பறிவதற்கென்று தனியாக லைசென்ஸ் எங்கே வாங்குவது என்று கேட்டாள். அப்படி ஒன்று இந்த நாட்டில் இல்லை, சிறுதொழில் என்று பதிந்து நகராட்சியில் அனுமதி வாங்கிக் கடையைத் திறக்கலாம் என்றார் அவர். "லைசென்ஸ் இல்லைங்கிறதால சுதந்திரம்னு நினைச்சிராதம்மா. தப்பு நடந்தா காட்டுறதுக்கு ஒங்கிட்ட ஒரு காகிதமும் இருக்காது. ஒம்பேரு ஒண்ணுதான் இருக்கும்." அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டது இப்போது அலுவலகச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நாம் யாரில்லையோ அந்த ஆளாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. திறக்காத கதவுக்குள் போகக் கூடாது, பிறர் போன், பேங்க் விவரத்தைத் தொடக் கூடாது. கண்டறிந்ததை, வேலை கொடுத்தவரைத் தவிர வெளியார் யாரிடமும் சொல்லக் கூடாது. அந்தச் சட்டத்தை வாரம் இரண்டு தடவை துடைத்துவைப்பதே ஜஸ்டின்தான்.

முதல் விதி ஒரு சிரிப்பில் போய்விட்டது. மூன்று வருஷமாக ஊர் ஊராக அலைந்து சேர்த்த பெயரும் அதோடு போய்விடும் போலிருந்தது.

"பைக்கை எடுங்க," என்றாள்.

*

மலையாண்டியின் கடையில் பெயின்ட் டப்பாக்கள் அடுக்கிய பின்பக்க அறையில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஜஸ்டினை வெளியே நிறுத்திவிட்டு ஷர்லி மட்டும் உள்ளே போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். போனது தன் கணவன் என்பதையும் மறைக்கவில்லை. பிறகு அறிக்கையை நீட்டினாள். மூன்று பக்கம்.

மலையாண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"காரைக்குடியிலயா? இந்தா இருக்க காரைக்குடியில?"

"ஆமாண்ணே."

"குடி கிடின்னு ஏதாச்சும்?"

"இல்லண்ணே."

"வேற பொண்ணு?"

"அதெல்லாம் இல்ல. நாலு பேரோட ஒரு ரூம்ல இருக்காரு. காலையில எட்டுக்குக் கடை, ராத்திரி எட்டுக்கு ரூம். வேலையில சுத்தம்னு முதலாளி சொன்னாரு."

"அப்ப பொய் மட்டுந்தான்."

"பொய் மட்டுந்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். காலையில் போனில் கத்திய மனிதர் இவர்தானா என்றிருந்தது.

"வேலை போறது ஒரு குத்தமாம்மா? எனக்கு இந்தக் கடை வர்றதுக்கு முந்தி ரெண்டு கடை போயிருக்கு. ஆனா பெத்தவகிட்டயே மறைக்கிறவன், எம்பொண்ணுகிட்ட என்னத்தச் சொல்லுவான்?"

ஷர்லியின் அறிக்கையில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை.

"என்ன முடிவு பண்றீங்களோ, அது உங்க இஷ்டம்ணே. ஆனா நாலு மணிக்கு அவங்க வரக் கூடாது. எங்க பொய்ய நம்பி ஒரு பொண்ணு தலையில பூ வைக்கக் கூடாது. நான் இப்பவே அங்க போறேன். சாப்பிட்டவரு மாமன் இல்ல, விசாரிக்க வந்த ஆளுன்னு சொல்லிடுறேன்."

"சொன்னா நான் விசாரிச்சது தெரிஞ்சுருமே?"

"எல்லா வீட்டுலயும் விசாரிக்கிறதுதானேண்ணே. அதுல என்ன அவமானம்?"

மலையாண்டி கொஞ்ச நேரம் அறிக்கையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சரி. விசாரிச்சதச் சொல்லிக்க. கண்டுபிடிச்சதச் சொல்லாத. அவன் எங்க இருக்கான்னு ஒரு வார்த்தை ஒன் வாயில இருந்து வரக் கூடாது. மகன் பொய் சொல்றான்னு நான் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புன மாதிரி ஆயிரும். நாளைக்கே அந்தப் பையன் எம்பொண்ணைத்தான் கட்டுறதா ஆனா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தம்மா முன்னாடி நிப்பேன்? நான் யோசிக்கணும். காவ்யாகிட்டயும் பேசணும்."

"சொல்ல மாட்டேண்ணே. கையெழுத்துப் போட்டுத்தானே வேலைய எடுத்திருக்கேன்."

"சொன்னன்னு தெரிஞ்சது, மாமன் வேசம் போட்டதுக்கு நேரா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் அண்ணே நொண்ணேன்னு வராத."

அவர் செய்யக்கூடியவர்தான். ஷர்லி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

*

ஆலங்குடி, கறம்பக்குடி வழியாகப் போனார்கள். ஆனி மாத வெயிலில் கண் கூசியது. பின்னால் உட்கார்ந்திருந்த ஷர்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் வருகிற மனைவியை வைத்துக்கொண்டு பைக் ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். கறம்பக்குடியில் ஜஸ்டின் தாங்கமாட்டாமல் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டான்.

"திட்டிரு ஷர்லி. திட்டாம வந்தா எனக்கு ரோடு தெரிய மாட்டேங்குது."

"எதுக்குச் சாப்பிட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க. வீட்டுல நான் சோறு போடலையா?"

அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான்.

"வேணாம்னுதான் எந்திரிச்சேன். அந்தம்மா எலையப் போட்டுத் தண்ணியத் தெளிச்சுக்கிட்டே, 'எம்மகனுக்கும் அங்கிட்டு எவளாவது ஒருத்தி எலை போடணுமே தம்பி, உக்காரு'ன்னு சொல்லுச்சு. அவன் அங்கிட்டு இல்ல, காரைக்குடியில இருக்கான்னு எனக்குத் தெரியும். நீதான் செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டியே. கடைக்கு எதிர்ல நின்னுக்கிட்டே பொட்டலத்தப் பிரிச்சுத் தின்னான்னும் சொன்ன. நானும் ஆறு வருசம் அப்படித்தான் தின்னேன், கட்டில் ஓரத்துல, ஒரு கையில போனை வச்சுக்கிட்டு. அந்த எலைய விட்டு எப்படி எந்திரிக்கிறது, நீயே சொல்லு."

ஷர்லிக்குக் கோபம் பாதியில் வழுக்கிவிட்டது. முழுக்கப் போகவில்லை. வீட்டுக்குப் போனதும் மிச்சத்தைக் கவனித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள். ஆறு வருஷம் தினமும் வீடியோ காலில் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டவள் அவள்தான். 'ஆச்சு' என்பான். என்ன, எங்கே, எப்படி என்று அவள் கேட்டதே இல்லை. பிறத்தியாரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டு சம்பாதிக்கிறவள், சொந்தப் புருஷனிடம் கேட்கவில்லை. அது நெஞ்சில் உறுத்தியது.

"வண்டிய எடுங்க. மணி பன்னெண்டாச்சு."

*

மாப்பிள்ளையின் அம்மா சின்னப்பிள்ளையின் வீட்டு வாசலில் வேன் தயாராக நின்றது. உள்ளே தட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. பழம், வெற்றிலை பாக்கு, பட்டுப்புடவை, ஈரத்துணி போர்த்திய மல்லிகைப்பூ. நல்ல சேலை உடுத்திய பெண்கள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜஸ்டினைப் பார்த்ததும் சின்னப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் போய்ப் பத்து வருஷம் முந்திரிக் கொல்லையில் ஒற்றை ஆளாய்ப் பாடுபட்ட உடம்பு.

"வாங்க தம்பி! நாங்களே கெளம்பிட்டோம், எதுக்கு இம்புட்டுத் தூரம் கூப்பிட வந்தீங்க? இதாரு, உங்க வீட்டுக்காரவுங்களா?"

ஜஸ்டின் இந்த முறை சிரிக்கவில்லை.

"அம்மா, உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை பேசணும்," என்றாள் ஷர்லி.

வீட்டுக்குப் பின்னால் முந்திரி மரத்தடியில் மூன்று பேரும் நின்றார்கள். ஷர்லி சுற்றி வளைக்கவில்லை. தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். தான் யார், என்ன தொழில், பெண் வீட்டார் விசாரிக்கச் சொன்னது, சனிக்கிழமை வந்தவர் மாமன் அல்ல, தன் கணவர் ஜஸ்டின், உண்மையைச் சொல்லாமல் சாப்பிட்டது பெரிய தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறோம், இன்றைக்குப் பூ வைக்கப் போக வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று பயம்.

சின்னப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. ஜஸ்டினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ரெண்டாந்தரம் ரசம் கேட்டு வாங்குனீங்களே தம்பி. அதுவும் விசாரணைதானா?"

"இல்லம்மா," என்றான் ஜஸ்டின். "அது பசி."

அவள் மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டாள். வாசலிலிருந்து யாரோ ஒரு பெண் கத்தினாள். "அயித்தே, வேன்காரரு அவசரப்படுத்துறாரு!"

"இருக்கச் சொல்லு!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு ஷர்லியின் பக்கம் திரும்பினாள். "விசாரிச்சேங்கிறியே, என்னத்தக் கண்டுபிடிச்ச?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா. வேலை குடுத்தவங்களுக்கு மட்டுந்தான் சொல்லணும். அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சரி, நீ சொல்ல வேணாம். நான் ஒண்ணு சொல்றேன். எம்மகன் மஸ்கட்டுல இல்ல."

ஷர்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகத்தில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பங்குனியில ஒரு நா ராத்திரி போன் பேசிக்கிட்டிருந்தான். பின்னாடி கண்டக்டர் விசில் அடிச்சாரு. ரெண்டு விசில், போலாம்னு. அந்த ஊர்ல ஏது நம்மூரு விசிலு? என்ன சத்தம்டான்னு கேட்டேன், டிவின்னான். மறுநாளு மழைச் சத்தம். இங்கயும் அதே நேரத்துக்கு மழை. அதுலேர்ந்து நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா போன் பண்றதையும் நிறுத்திருவானோன்னு பயம்."

"அப்புறம் எதுக்கும்மா இந்தக் கல்யாணப் பேச்சு?" ஜஸ்டின்தான் கேட்டான்.

"தாலி கட்டவாவது எம்முன்னாடி வந்து நின்னுதானே ஆகணும்? எங்க இருந்தாலும் வந்துதானே ஆகணும்?" சின்னப்பிள்ளையின் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நீங்க வந்து கை நனைச்சதும், சாமியா பாத்து அனுப்பிச்சுன்னு நாளு குறிச்சுட்டேன். எவ பெத்த பொண்ணையோ வச்சு எம்மகனை வரவைக்கப் பாத்தேன். நீங்க சொன்ன பொய்யவிட நான் பண்ணுனது பெருசு."

வாசலில் வேன் ஒருமுறை ஹாரன் அடித்து ஓய்ந்தது.

சின்னப்பிள்ளை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பூத்தட்டில் வைப்பதற்காக மஞ்சள் தடவி வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். அப்படியே ஷர்லியின் கையில் திணித்தாள்.

"நீதான் ஆளுகளத் தேடுறவளாமே. எனக்கும் தேடிக் குடு. வெற்றிசெல்வன், வயசு முப்பது, இடது புருவத்துல தழும்பு இருக்கும். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு போதும்."

ஷர்லியின் பைக்குள், அறிக்கையின் நகல் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் கடையின் முகவரி இருந்தது. கையை விட்டால் எடுத்துவிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த வேலைய நான் எடுக்க முடியாதும்மா."

"ஏன்?"

"முடியாதும்மா. ஒரே விசயத்துக்கு ரெண்டு பக்கமும்..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியது கொஞ்சம் தாமதம்.

சின்னப்பிள்ளை மெல்ல எழுந்து நின்றாள்.

"அப்ப ஒனக்குத் தெரியும்."

ஷர்லி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சாப்பிடுறானா ஏத்தா? அத மட்டுமாச்சும் சொல்லு."

அந்தக் கேள்விக்கு ஷர்லி தயாராக இல்லை. ரிப்பேர் கடைக்கு எதிரே நின்றபடி, எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை நாலே வாயில் முடித்துவிட்டுக் காகிதத்தைக் கசக்கிப் போட்ட அந்தப் பையன் கண் முன்னால் வந்தான். அவள் தலை தானாகக் குனிந்தது. பக்கத்தில் ஜஸ்டினும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீங்க. அப்பச் சரியாச் சாப்பிடல," என்றாள் சின்னப்பிள்ளை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

ஐந்து நிமிஷத்தில் வாசலில் அவள் குரல் கேட்டது. பூ வைப்பது இன்றைக்கு இல்லை, தட்டையெல்லாம் இறக்குங்கள், பதினோரு பேரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஏன் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, திரும்பி வந்து சொல்கிறேன் என்று ஒரே பதில். கையில் ஒரு தூக்குவாளி. சோறு ஒரு அடுக்கு, ரசம் ஒரு அடுக்கு. வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பைக்கை நோக்கி நடந்த ஷர்லியைக் கூப்பிட்டாள்.

"நீயும் ஏறு. தம்பி பின்னால வரட்டும்."

"அம்மா, நான் எதுவும் சொல்ல மாட்டேன்னு..."

"யாரு ஒன்னையச் சொல்லச் சொன்னா? கையெழுத்துப் போட்டிருக்க, சொல்லாத. வண்டி சரியான பக்கம் போனா சும்மா வா. தப்பான பக்கம் திரும்புனா இருமு. இருமக் கூடாதுன்னா எழுதியிருக்கு?"

சட்டம் போட்டுத் தொங்கும் அந்த விதிகளை ஷர்லி மனதுக்குள் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்தாள். இருமலைப் பற்றி வக்கீல் ஆனந்தராஜ் எதுவும் சொல்லவில்லை. அது ஒரு சமாதானம் இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. காலையில், 'ஒண்ணுமே சொல்லல, சிரிச்சேன்' என்ற இதே புத்திசாலித்தனத்தைத்தான் அவள் ஜஸ்டினிடம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அந்தம்மா தூக்குவாளியோடு எந்த ஊரில் போய் நிற்பாள்? தஞ்சாவூரா, பட்டுக்கோட்டையா? ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டாக இறங்கித் தேடுவாளா?

ஷர்லி வேனில் ஏறினாள்.

கந்தர்வக்கோட்டை முக்கத்தில் டிரைவர் வண்டியை நிதானித்தார். ஒரு பக்கம் தஞ்சாவூர் ரோடு. இன்னொரு பக்கம் புதுக்கோட்டை ரோடு. அதில் போனால் திருமயம், அதைத் தாண்டினால் காரைக்குடி.

"எந்தப் பக்கம்மா?"

"தஞ்சாவூர்ப் பக்கம் போப்பா," என்றாள் சின்னப்பிள்ளை. அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. ஷர்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக்குள் போன் அடித்தது. திரையில் மலையாண்டியின் பெயர். கண்ணாடியில், வேனுக்குப் பின்னால் ஜஸ்டின் பைக்கில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான். டிரைவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தார். வேனின் முன் சக்கரம் அந்த ரோட்டில் ஏறியது.

போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஷர்லி இருமினாள்.